கரி படிந்த செங்கல்லுக்கு எதற்கு மரியாதை?

கேள்வி: மூடிக் கிடக்கும் நிலக்கரிச் சுரங்கக் கட்டடங்களை நினைவுச் சின்னங்களாக அறிவித்துப் பல நாடுகள் பணத்தைக் கொட்டுகின்றன. கோயில், கோட்டை என்றால் புரிகிறது. துருப்பிடித்த இரும்புக்கும் கரி படிந்த செங்கல்லுக்கும் எதற்கு இந்த மரியாதை? என் தாத்தா மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட அவர் விரும்பியதில்லை.
– வாசகர், ஈசூன்

பதில்: உங்கள் தாத்தா திரும்பிப் பார்க்க விரும்பாததற்குத் தக்க காரணம் இருந்திருக்கும். அவருடைய வலியை, அந்தக் கட்டடங்களை இடித்துத் தள்ளலாம் என்பதற்குச் சாட்சியாக நீங்கள் அழைத்து வருவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சுரங்கத்தை மூடினால் செலவும் மூடிக்கொள்ளும் என்பது பிழையான கணக்கு. ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. ஆனால் தோண்டித் தோண்டி அந்நாட்டின் ரூர் நிலக்கரி வட்டாரத்தில் நிலமே தாழ்ந்துபோய்விட்டதால், அங்கே காலமெல்லாம் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தாக வேண்டும். அந்தச் செலவை யாரும் வீண் என்று சொல்வதில்லை. அதே வட்டாரத்தில், எஸ்ஸன் நகரின் சோல்ஃபெரைன் சுரங்கம் 1986-இல் மூடப்பட்டபோது, மாநில அரசு அதை வாங்கி இடிபடாமல் காத்தது. 2001-இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. நிலக்கரி கழுவிய கட்டடத்தில் இன்று வட்டார அருங்காட்சியகம் இயங்குகிறது.

உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் தரவரிசைதான் எனக்கு உறுத்துகிறது. கோட்டையிலும் கல் சுமந்தவர்கள் உண்டு. அங்கே நாம் அரசனைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். சுரங்கக் கட்டடத்தில் பார்ப்பதற்கு வேலையையும் வேலை செய்தவர்களையும் தவிர வேறொன்றும் இல்லை. வேல்ஸ் நாட்டின் பிளைனாவனில் உள்ள பிக் பிட் சுரங்கம் 1980-இல் மூடப்பட்டு, 1983-இல் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. கீழே இறங்குவதற்கு முன் கைப்பேசி, கைக்கடிகாரம் என மின்கலம் உள்ள எதையும் மேலேயே ஒப்படைத்துவிட வேண்டும். சுரங்க வாயு பற்றிக்கொள்ள ஒரு சிறு பொறி போதும். பிறகு தலைக்கவசமும் விளக்குமாக அதே பழைய இரும்புக் கூண்டில் ஏறி 90 மீட்டர் இறங்கினால், அங்கே வழிகாட்டியாக நிற்பவர் பெரும்பாலும் ஒரு முன்னாள் சுரங்கத் தொழிலாளியாகவே இருப்பார். மேலே 1939-இல் கட்டப்பட்ட குளியலறையும் அப்படியே இருக்கிறது: ஒவ்வொருவருக்கும் இரண்டு அலமாரிகள், ஒன்று வீட்டிலிருந்து உடுத்திவந்த உடைக்கு, மற்றொன்று கரி படிந்த வேலை உடைக்கு. அந்தக் குளியலறை வரும்வரை, கரியோடு வீடு திரும்பும் ஆண்களுக்கு வெந்நீர் போட்டே பெண்களின் முதுகு ஒடிந்தது என்பதை அந்த இரண்டாவது அலமாரி சொல்லிவிடுகிறது. நீங்கள் ஏளனம் செய்யும் கரி அதுதான்.

ஆனால் வெளிக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இருந்ததைத் தூக்கியெறிவதைப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த அளவுக்கு உங்கள் பக்கம் இருக்கிறேன். நம் சிங்கப்பூரில் சுரங்கம் இல்லாவிட்டாலும் நிலக்கரி எரித்த இடம் உண்டு. 1927-இல் இயங்கத் தொடங்கிய செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையம் 2009-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இரவு விடுதியாகச் சில காலம் ஆட்டம் போட்டது. இப்போது ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் தலைமையகம். செங்கல் முகப்பு கம்பீரமாகவே நிற்கிறது. அடுப்புக்குக் கரி தள்ளியவன் எங்கே நின்றான் என்று கேட்டால் முகப்பிடம் பதில் இல்லை. தஞ்சோங் பகார் துறையில், கழியில் கூடையைத் தொங்கவிட்டு, இருவர் இருவராகக் கப்பலுக்குக் கரி சுமந்த கூலிகளுக்கோ முகப்புகூட மிஞ்சவில்லை.

யாருடைய கதை சொல்லப்படுகிறது என்பதில்தான் உண்மையான சண்டை. ஜப்பானின் ஹாஷிமா தீவுச் சுரங்கம் 2015-இல் உலக மரபுடைமையானபோது, கொரியர்களும் பிறரும் அங்கே விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்பட்டு வேலை வாங்கப்பட்டதை எடுத்துச்சொல்வதாக ஜப்பான் ஒப்புக்கொண்டது. அதை முழுமையாக நிறைவேற்றவில்லை என்று 2021-இல் உலக மரபுடைமைக் குழுவே வருத்தம் தெரிவித்தது. சுமத்ராவின் ஒம்பிலின் சுரங்கத்தில் டச்சுக்காரர்கள் கைதிகளுக்குச் சங்கிலி பூட்டி வேலை வாங்கினார்கள். 'ஒராங் ரந்தாய்', அதாவது சங்கிலி மனிதர்கள், என்ற அந்தப் பெயர் 2019-இல் உலக மரபுடைமையாக அங்கீகாரம் பெற்ற அந்த இடத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. கட்டடங்கள் நிற்பதால்தான் இந்த விவாதங்கள் இன்னும் நடக்கின்றன. இடித்திருந்தால் ஹாஷிமாவைப் பற்றி ஜப்பானிடம் யாரும் எதையும் கேட்டிருக்க முடியாது.

பத்து ஆராங்குக்கு வருகிறேன். 1915-இல் தொடங்கி 1960-இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கத்தின் கரியில்தான் மலாயாவின் ரயில்கள் ஓடின. 1937-இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே தங்கள் கைக்குள் கொண்டுவந்தபோது, காலனி அரசு நடுங்கிப்போய்ப் படையை அனுப்பியது. இன்று அங்கே செங்கற்சூளையின் புகைபோக்கிகளும் சில சிதிலங்களும் தண்ணீர் நிரம்பிய பள்ளங்களும் இருக்கின்றன. காலையில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பினால் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். தாத்தா எந்த வேலையில் இருந்தார், நிலத்தடியிலா திறந்த வெட்டிலா, கங்காணி யார், கூலி எவ்வளவு என்று வீட்டில் யாருக்காவது இன்னும் நினைவிருந்தால், போவதற்கு முன் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அங்கே உங்களுக்கு அதைச் சொல்லப் பலகை எதுவும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.