ரயில் பெட்டியில் சக்கர நாற்காலி: கேள்விகளும் என் பதில்களும்

பயணிகள் ரயில் பெட்டிகளின் உள்ளமைப்பைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். சக்கர நாற்காலியோடு ரயில் ஏறுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் சொல்லும் அளவுகள் இரண்டு இடங்களின் விதிகளில் உள்ளவை: அமெரிக்காவில் 1990 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் வந்த வாகன விதிகள், ஐரோப்பிய ஒன்றியத்தின் 1300/2014 ஒழுங்குமுறை.

கேள்வி: பஸ்ஸில் நாற்காலியைப் பட்டை போட்டுக் கட்டுகிறார்கள். ரயிலில் சும்மா விட்டுவிடுகிறார்களே, பயமாக இருக்காதா?

இந்தப் பயம் நிறையப் பேருக்கு உண்டு. பஸ் டிரைவர் பிரேக்கை ஓங்கி மிதித்தால் வண்டி சட்டென்று நிற்கும், நாற்காலி முன்னால் பாயும். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும் ரயிலுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. அவசர பிரேக் போட்டாலும் வேகம் பஸ்ஸை விடப் பல மடங்கு மெதுவாகத்தான் குறையும். நின்றுகொண்டே வருபவர்கள் கம்பியைப் பிடித்துச் சமாளிப்பதும் இதனால்தான். அமெரிக்க விதிகள் பஸ்ஸில் கட்டும் கருவியைக் கட்டாயமாக்கிவிட்டு ரயில் பெட்டிக்குக் கேட்காததற்கும் இதுதான் அடிப்படை.

ஐரோப்பிய விதி வேறு வழியில் போகிறது. நாற்காலி இடத்தின் ஒரு முனையில் குறைந்தது 700 மி.மீ. அகலத்துக்கு ஒரு தடுப்பு இருக்க வேண்டும். அதில் முதுகைக் கொடுத்து நிறுத்தினால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழக்கூடாது. ரயில் போகும் திசையைப் பார்த்தோ அதற்கு எதிராகவோ உட்காரலாம், குறுக்காக உட்காரும்படி இடத்தை அமைக்கக்கூடாது. குறுக்காக நின்றால் கவிழ்வது சுலபம்.

அதனால் அந்தத் தடுப்போடு ஒட்டி நிறுத்துங்கள். இரண்டு பக்க பிரேக்கையும் போடுங்கள். மின்சார நாற்காலி என்றால் சுவிட்சை அணைத்துவிடுங்கள், யாருடைய முழங்கையாவது ஜாய்ஸ்டிக்கில் பட்டால் போதும், நாற்காலி நகர்ந்துவிடும். முதுகுப் பக்கம் கனமான பையை மாட்டுவதையும் விட்டுவிடுங்கள். கவிழும் நாற்காலிகளில் பாதிக் குற்றம் அந்தப் பையுடையது என்பது என் கணக்கு.

கேள்வி: சார், நேற்று சிரமமில்லாமல் ஏறிய அதே நடைமேடையில் இன்று முன்சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொண்டது. எப்படி?

நடைமேடை அசையவில்லை, ஆனால் அதற்கு எதிரே வந்து நின்ற பெட்டி வேறு. சக்கரம் தேயத் தேயப் பெட்டியின் தளம் இறங்கும். கூட்டம் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும். காற்றுப் பை வைத்த பெட்டிகள் உயரத்தைத் தாமே சரிசெய்துகொள்ளும், ஆனால் தேய்ந்த சக்கரத்துக்கு அதனால் மட்டும் ஈடு கட்ட முடியாது. பராமரிப்பின்போது தண்டவாளமே கொஞ்சம் நகர்ந்திருக்கவும் கூடும்.

அமெரிக்க மெட்ரோ விதியில், புதிய நிலையத்தில் புதிய பெட்டி நிற்கும்போது கிடைமட்ட இடைவெளி 3 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, உயர வித்தியாசம் 5/8 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். நாற்காலியின் சின்ன முன்சக்கரத்துக்கு அந்த 3 அங்குலமே அதிகம்தான்.

வளைவில் இருக்கும் நடைமேடை இன்னொரு தொல்லை. பெட்டி நேரானது, வளையாது. நடைமேடை வளைவின் உள்பக்கம் இருந்தால் பெட்டியின் நடுக் கதவில் இடைவெளி குறைவு, முனைக் கதவுகளில் அதிகம். வெளிப்பக்கம் இருந்தால் தலைகீழ். கதவைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் இதை மனதில் வையுங்கள். கையால் தள்ளும் நாற்காலி என்றால் இறங்கும்போது திரும்பி, பெரிய பின்சக்கரம் முதலில் போகும்படி இறங்குங்கள். பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கேள்வி: எல்லா நடைமேடையையும் பெட்டித் தள உயரத்துக்குக் கட்டிவிட்டால் முடிந்ததே?

பயணிகள் ரயில் மட்டும் ஓடும் பாதையில் முடிந்ததுதான். சரக்கு ரயிலும் அதே பாதையில் போனால் அகலமான சுமைகள் நடைமேடையில் இடிக்கும். அமெரிக்காவில் 2011இல் வந்த விதிகூட, புதிதாகக் கட்டும் அல்லது மாற்றியமைக்கும் நிலையங்களில் சரக்கு ரயில் போகாத நடைமேடைகளுக்குத்தான் சமதள ஏற்றத்தைக் கட்டாயமாக்கியது. தவிர, தண்டவாளத்திலிருந்து நடைமேடையின் உயரமே இடத்துக்கு இடம் வேறு. ஐரோப்பாவில் 550, 760 மி.மீ. என்று இரண்டு அளவுகள், பிரிட்டனில் 915. எல்லை தாண்டி ஓடும் ரயில் எந்த உயரத்துக்குத் தளத்தைப் போடும்? அதனால்தான் சாய்தளமும், நாற்காலியைப் பெட்டித் தளத்துக்குத் தூக்கும் லிஃப்ட்டும் இன்னும் நம்மோடு இருக்கின்றன.

கேள்வி: நானும் என் மின்சார நாற்காலியும் சேர்ந்து 290 கிலோ. லிஃப்ட் தாங்குமா?

ஐரோப்பிய விதிப்படி செய்த லிஃப்ட் 300 கிலோ வரை. அமெரிக்க விதியில் குறைந்தபட்சம் 600 பவுண்டு, அதாவது சுமார் 272 கிலோ, ஆகவே லிஃப்ட்டில் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள். கேபிள், கப்பி போன்ற இயங்கும் பாகங்கள் அந்தச் சுமையைப் போல ஆறு மடங்கு தாங்கும்படி செய்யப்பட வேண்டும் என்பது உண்மை. தேய்மானத்துக்கும் எதிர்பாராததற்கும் வைத்த இருப்பு அது. அதை நம்பி ஏறாதீர்கள்.

கேள்வி: லிஃப்ட் பாதி வழியில் இருக்கும்போது கரண்ட் போனால்?

தொங்கிக்கொண்டு நிற்பீர்கள், விழ மாட்டீர்கள். ஆள் இருக்கும் தட்டு நொடிக்கு 12 அங்குலத்துக்கு மேல் வேகமாக இறங்கக்கூடாது என்பது விதி. கையால் இயக்கி இறக்கும் ஏற்பாடும் கட்டாயம்.

கேள்வி: கழிவறைக்குள் போகிறேன், திரும்ப முடியவில்லை. பின்னாலேயே வர வேண்டியிருக்கிறது. இது விதிமீறலா?

எந்த விதிப்படி செய்த பெட்டி என்பதைப் பொறுத்தது. அமெரிக்க விதி கேட்பது 35க்கு 60 அங்குலத் தரை இடம். நுழைந்து இருக்கைக்கு மாற அது போதும், முழு வட்டம் அடிக்கப் போதாது. நாற்காலி திரும்ப வேண்டிய இடங்களில் 1500 மி.மீ. விட்டம் வேண்டும் என்பது ஐரோப்பிய விதிக் கணக்கு. இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தவனாகச் சொல்கிறேன், முதலாவதை எழுதியவர்கள் நாற்காலியில் பின்னோக்கிக் கதவைத் தேடியிருக்க மாட்டார்கள்.

அவசர அழைப்புப் பொத்தானையும் பாருங்கள். ஐரோப்பிய விதியில் இரண்டு வேண்டும், அதில் ஒன்று தரையிலிருந்து 450 மி.மீ. உயரத்துக்குள். கீழே விழுந்தவருக்கு எட்டுவதற்காக. ஒருமுறை நான் சோதித்த பெட்டியில் பொத்தானுக்குப் பதிலாகத் தொங்கிய அழைப்புக் கயிற்றை, துடைக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று யாரோ சுருட்டி மேலே கைப்பிடியில் கட்டி வைத்திருந்தார்கள். காகிதத்தில் அந்தப் பெட்டி பாஸ்.

கேள்வி: ஒரு ரயிலில் எத்தனை இடம் இருக்க வேண்டும்?

ஐரோப்பாவில் ரயிலின் நீளத்தைப் பார்த்து: 30 மீட்டருக்குக் கீழே 1, 205 வரை 2, 300 வரை 3, அதற்கு மேல் 4. என்னைக் கேட்டால் குறைவு. இரண்டு நண்பர்கள் நாற்காலியில் ஏறிவிட்டால் மூன்றாமவர் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

கேள்வி: தீ பிடித்தால் எங்களை எப்படி வெளியேற்றுவார்கள் அண்ணா?

முதல் முயற்சி ரயிலுக்குள்ளேயே, அடுத்த பெட்டிக்கு நகர்த்துவது. நடுவழியில் தண்டவாளத்தில் இறக்குவது கடைசி வழி, அங்கே பெரும்பாலும் நாற்காலி உள்ளேயே நிற்கும், ஆளைத் தூக்கித்தான் இறக்குவார்கள். அதனால் ஏறியதுமே ஊழியரிடம் உங்களை எங்கே பிடித்துத் தூக்கலாம், எங்கே தொடக்கூடாது என்று சொல்லிவையுங்கள். புகைக்கு நடுவே அதை விளக்க முடியாது.

கேள்வி: புதுப் பெட்டியைப் பார்த்துக் கருத்துச் சொல்ல எங்கள் குழுவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எதைப் பார்ப்பது?

அவர்கள் தரும் நாற்காலியில் உட்காராதீர்கள், உங்களுடையதைக் கொண்டுபோங்கள். அளவு நாடாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கதவு முழுதாகத் திறந்த பிறகு, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடிக்கும் எதிர்ப் பக்கத்துக்கும் இடையே அளவெடுங்கள். ஐரோப்பிய விதியில் அது 800 மி.மீ., அமெரிக்காவில் 32 அங்குலம், வரைபடத்தில் யாரும் கைப்பிடியைக் கழிப்பதில்லை. சாய்தளத்தில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு ஏறிப் பாருங்கள். அப்புறம், கதவுப் பொத்தானை உட்கார்ந்தபடியே, பலம் குறைந்த கையால் அழுத்துங்கள்.