ஒரு குடம் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ படத்தை இப்போதுதான் பார்த்தேன். கெட்டுப்போன ஒரு பெண்ணின் கதையை 1977லேயே துணிச்சலாக எடுத்திருக்கிறார்கள். இன்று ஓடிடியில் எல்லாவற்றையும் காட்டுகிறார்கள். பாலியல் பற்றிய நம் பார்வை முன்னேறிவிட்டதா? அந்தக் கார் காட்சியை இன்று எப்படி எடுப்பார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு வாரமாக ஜெயகாந்தனைத்தான் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

கார் காட்சியை எப்படி வேண்டுமானாலும் எடுக்கட்டும், விடுங்கள். ‘கெட்டுப்போன பெண்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. பால் கெடும், மீன் கெடும். மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போனான். இதில் கெட்டது யார்? முழுப் படத்தையும் பார்த்த பிறகும் அந்தச் சொல்தான் உங்கள் கைக்கு வருகிறது என்றால், முன்னேற்றத்தைப் பற்றி என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?

படத்துக்கு முன்னால் ஜெயகாந்தனின் நாவல். அதற்கும் முன்னால், 1966இல் விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’. அந்தச் சிறுகதையில் அம்மா மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டிக் குளிப்பாட்டுகிறாள், நீ சுத்தம் என்கிறாள். வாசகர்களுக்குப் பொறுக்கவில்லை. சரி, அம்மா கூச்சல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதுதான் நாவல். ஊருக்குத் தெரிகிறது, அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான்.

லட்சுமிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம் என்பதோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். இயக்கியவர் யார்? பீம்சிங். 1961இல் ‘பாசமலர்’ எடுத்து ஊரையே அழவைத்தவர். தங்கைக்காக உருகும் அண்ணனைக் காட்டியவர்தான், பதினாறு வருடம் கழித்து, தங்கையைத் துரத்தும் அண்ணனையும் காட்டினார். மாற்றம் என்று நான் சொல்வது இதைத்தான். நீங்களோ எவ்வளவு உடம்பு தெரிந்தது என்று அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

சிறு வயதில் பக்கத்து வீட்டு டிவியில் இந்தப் படத்தை அம்மாவோடு பார்த்தேன். படத்தில் அந்தத் தாய் கத்தியதும் அம்மா சட்டென்று எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் என்று பல வருடம் கழித்துத்தான் சொன்னாள்.

சித்தி ஒருநாள் இருட்டிய பிறகு, தாவணி கிழிந்து, அழுதுகொண்டே வீடு வந்திருக்கிறாள். பாட்டி வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். அப்புறம் சித்தி அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவே இல்லை.

“விகடன்ல வந்த அந்தக் கதையை நான் நாலு தடவை படிச்சிருந்தேன்டா” என்றாள் அம்மா. “அன்னைக்குக் கிணத்தடியிலதான் நின்னேன். உங்க சித்தி என்னைத்தான் பாத்தா. இடுப்புல குடம், நிறையத் தண்ணி. அப்படியே நின்னுட்டேன்.”

அன்புடன்.