போன வருடம் ஊசி போட்டும் காய்ச்சல் வந்தது. இந்த வருடமும் போட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 58 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். போன வருடம் டாக்டர் சொன்னார் என்று ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாளே இருமலும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டேன். இந்த வருடமும் போடச் சொல்கிறார். ஒரு தடவை போட்டதே உதவவில்லை, வருடா வருடம் எதற்கு? என் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுக்கும் போடச் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள், மகளையும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் இருவர் விஷயத்திலும் எனக்குத் தயக்கமே இல்லை.

முதலில் அந்த ஐந்தாம் நாள் காய்ச்சல். கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. செயலிழக்கச் செய்த வைரஸின் துண்டுகளோ, அதன் மேற்புறப் புரதமோ மட்டும்தான் இருக்கும். அது உடம்புக்குள் போய்ப் பெருக வழியே இல்லை, ஆகவே ஊசியால் ஃப்ளூ வராது. ஊசி போட்ட இடத்தில் வலி, லேசான காய்ச்சல், உடம்பு அசதி எல்லாம் வரலாம். அவை ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஐந்தாம் நாள் இருமலோடு வந்தது வேறு கதை. ஊசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி முழுதாக உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியில் உங்களுக்கு ஃப்ளூவே தொற்றியிருக்கலாம். இல்லையென்றால் சளி, காய்ச்சல் தரும் வேறு பல வைரஸ்களில் ஒன்றாக இருக்கலாம். அவற்றை இந்த ஊசி தடுக்காது.

ஊசி போட்டால் ஃப்ளூ வரவே வராது என்று யாராவது சொல்லியிருந்தால் அது தவறு. அந்தந்த வருடம் பரவும் வைரஸோடு ஊசி நன்றாகப் பொருந்தினால், ஃப்ளூ வந்து டாக்டரிடம் போக வேண்டிய வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் வரை குறைகிறது. பொருந்தாத வருடத்தில் இன்னும் குறைவாகத்தான் பலன். கேட்க ஏமாற்றமாக இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் ‘எனக்கு வருமா’ என்பதைவிட ‘வந்தால் என்ன ஆகும்’ என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. ஊசி போட்டவருக்கு ஃப்ளூ வந்தாலும், ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு முற்றும் ஆபத்து குறைவு.

சர்க்கரை நோயாளிக்கு இது சின்ன விஷயம் இல்லை. காய்ச்சல் நாட்களில் சர்க்கரை ஏறும், சாப்பிட முடியாமல் போகும், மாத்திரைக் கணக்கு குழம்பும். அதன் பின்னாலேயே நிமோனியா வரலாம். பலர் யோசித்தே பார்க்காத இன்னொன்று இதயம். 2018-இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு இருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஏற்கெனவே இதய நோய் ஆபத்து கூடுதல். உங்களுக்கு இந்த ஊசி வேண்டும் என்று நான் சொல்ல இதுவே பெரிய காரணம்.

சரி, வருடா வருடம் எதற்கு? இரண்டு காரணம். ஊசி தந்த பாதுகாப்பு மாதங்கள் போகப் போகக் குறைகிறது. அப்புறம், வைரஸ் தன் மேற்புறப் புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருக்கும். போன வருடம் அதை அடையாளம் கண்ட உடம்பு இந்த வருடம் தடுமாறும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், ஊசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. போன வருட ஊசியும் இந்த வருட ஊசியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மகள் விஷயத்தில் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. வயிற்றில் குழந்தை இருக்கும்போது எதைக் கொடுப்பதற்கும் கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ வந்தால் மற்றவர்களைவிட மோசமாகும் வாய்ப்பு அதிகம். இந்த ஊசியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். இன்னொரு லாபமும் உண்டு. பிறந்து ஆறு மாதம் ஆகும்வரை குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. தாய்க்குப் போட்டால், அவள் உடம்பில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. ஏழாம் மாதம் அதற்கு நல்ல நேரம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: மூக்கில் அடிக்கும் ஃப்ளூ மருந்தில் வலுவிழந்த உயிருள்ள வைரஸ் இருக்கும். கர்ப்பிணிக்கு அது கூடாது, ஊசிதான்.

யார் யோசிக்க வேண்டும்? முன்பு இதே ஊசிக்கு மூச்சுத்திணறல் போன்ற கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் போடக் கூடாது. முந்தைய ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கை கால் தளர்ந்துபோகும் கியான் பார்ரே நோய் வந்திருந்தால், டாக்டரிடம் பேசாமல் போட வேண்டாம். ஊசியால் அந்த நோய் வருவது மிக அரிது, பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு இருக்கலாம். முட்டை ஒவ்வாமை இப்போது தடையாகக் கருதப்படுவதில்லை. நோய் எதுவும் இல்லாத முப்பது வயதுக்காரர் போடாமல் விட்டால், நான் அவரை அதிகம் வற்புறுத்த மாட்டேன். அவர் வீட்டில் உங்களைப் போலவோ உங்கள் மகளைப் போலவோ ஒருவர் இருந்தால் கட்டாயம் வற்புறுத்துவேன்.

ஃப்ளூ பரவும் காலம் தொடங்க இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. தவறிவிட்டால், பரவிக்கொண்டிருக்கும்போது போட்டாலும் பலன் உண்டு. லேசான மூக்கொழுகலுக்காகத் தள்ளிப்போட வேண்டாம். நல்ல காய்ச்சல் இருந்தால் மட்டும் அது இறங்கியபின் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ஊசி போடுமுன் அதைச் சொல்லுங்கள்; மெல்லிய ஊசியால் போட்டு, அந்த இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடிப்பார்கள். போட்டபின் பதினைந்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.