சென்னைக்குக் குடிவருகிறவர்கள் கேட்டவை

பள்ளி திறக்கும் காலம் நெருங்கிவிட்டதால் இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி வீடும் பள்ளியும்தான். "நல்ல ஏரியாவாகச் சொல்லுங்கள் சார்" என்று ஒற்றை வரி எழுதியவர்கள் பதிலை எதிர்பார்க்க வேண்டாம். யாருக்கு எங்கே வேலை, வாடகைக்கு எவ்வளவு ஒதுக்க முடியும், பிள்ளைகள் எந்த வகுப்பு என்று தெரியாமல் நான் ஜோசியமா சொல்ல முடியும்?

திருநெல்வேலியிலிருந்து வருகிறோம். கணவருக்கு சோழிங்கநல்லூரில் வேலை, எனக்குக் கிண்டியில். வேளச்சேரியில் வீடு பார்க்கலாமா? மழைக்குத் தண்ணீர் நிற்கும் என்று பயமுறுத்துகிறார்கள்.

இரண்டு பேருக்கும் நடுவில் என்று பார்த்தால் வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் சரிதான். பயமுறுத்துகிறவர்களும் பொய் சொல்லவில்லை. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அங்கே பல தெருக்களில் ஆளிறங்க முடியவில்லை. ஆனால் அதே வேளச்சேரியில் கணுக்கால் நனையாத தெருக்களும் உண்டு. அதனால் ஏரியாவைக் கேட்காதீர்கள், தெருவைக் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்டுப் பயனில்லை. அவர் கணக்கில் சென்னையில் எங்குமே தண்ணீர் நிற்பதில்லை. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள், எந்த வருஷம் எந்த வீட்டு வாசல்படி வரை வந்தது என்று விரல் நீட்டிக் காட்டுவார். கார் நிறுத்தும் இடத்தில் மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேலே ஏற்றி மாட்டியிருக்கிறார்களா, சம்ப்பு (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மூடியைச் சுற்றிப் புதிதாக ஒரு அடி கட்டுமானம் எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். யாரும் காரணமில்லாமல் அதற்குச் செலவு செய்ய மாட்டார்கள்.

இன்னொன்று. வீட்டைச் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வராதீர்கள். காலை 7 மணிக்குப் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். சமையலறைக் குழாயில் வருவது குடிநீர் வாரியத்தின் மெட்ரோ வாட்டரா, போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா என்று கேளுங்கள். லாரி என்றால் அந்தச் செலவு மெயின்டனன்ஸுக்குள் அடங்குமா, தனியா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்காரர் 10 மாத அட்வான்ஸ் கேட்கிறார். 3 மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே? காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பேன் என்றும் சொல்கிறார்.

சட்டம் இருக்கிறது. 2017-இல் தமிழக அரசு போட்டது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மாத வாடகையைப் போல மூன்று மடங்குதான் அட்வான்ஸ் என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் அது செல்லும் என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் பத்து மாதம் உள்ளே வருகிறது. பேரம் பேசுங்கள். ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிறவர்கள் இப்போது நிறையப் பேர்.

பெயின்டிங் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிற இடம் இதுதான். அதே சட்டத்தின் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பதும் வீட்டு உரிமையாளர் பொறுப்பு என்று பட்டியல் போட்டே சொல்கிறது. ஆணி அடித்துச் சுவரைப் பெயர்த்தீர்களா, குழந்தை கிரேயானில் ஓவியம் தீட்டியதா, அதற்கு நீங்கள் பொறுப்பு. மூன்று வருஷம் குடியிருந்ததில் சுவர் மங்கியதற்கு நீங்கள் ஏன் தண்டம் கட்ட வேண்டும்? அதைவிடக் கொடுமை, பிடித்த காசில் பெயின்ட் அடிப்பதும் இல்லை. எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் அடுத்தடுத்து மூன்று குடும்பங்களிடம் பெயின்டிங் காசு பிடித்தார்கள். முதல் குடும்பத்துக் குழந்தை பென்சிலால் கோடு போட்டு உயரம் குறித்த கதவு நிலை, மூன்றாவது குடும்பம் போகும்போதும் அப்படியே இருந்தது.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவு. அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள், ரசீது வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பாமல் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, 90 நாளுக்குள் வாடகை ஆணையத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பெயின்டிங் பிடித்தம் என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். காலி செய்யும் அன்று லாரியை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு சண்டை போட உங்களால் ஆகாது, அது அவருக்கும் தெரியும். சாவி வாங்கிய அன்றே ஒவ்வொரு சுவரையும், குழாயையும், ஸ்விட்ச் போர்டையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பாக்கி போக மீதி அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும் என்பதும் சட்டம்தான்.

கரண்டுக்கு யூனிட் 9 ரூபாய் என்கிறார் ஓனர். நியாயமா?

இல்லை. தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப்-மீட்டர் வைத்துக் கொடுக்கிற வீட்டில் அந்தச் சலுகை உங்களுக்கு வராது; எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டரில் ஓடுவதால் பில் அதிகக் கட்டண அடுக்குக்கும் ஏறிவிடும். மின்வாரிய இணைப்பு எண்ணை வாங்கிக்கொண்டு நீங்களே நேரடியாகப் பணம் கட்டும் வீடாகப் பாருங்கள்.

மகள் 7-ஆம் வகுப்பு. பழைய பள்ளி டி.சி. தர இழுத்தடிக்கிறது. புதிய இடத்தில் சேர்க்க மாட்டார்களோ?

அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்றால் எட்டாம் வகுப்பு வரை டி.சி. தாமதத்தைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. தனியார் பள்ளியில் டி.சி. கேட்பார்கள், பழைய பள்ளியில் போய் உட்கார்ந்து வாங்கத்தான் வேண்டும். மாணவர் பதிவு எண்ணான எமிஸ் எண்ணை மறக்காமல் குறித்து வாருங்கள். பள்ளியை முடிவு செய்துவிட்டு வீடு தேடுங்கள். பலர் தலைகீழாகச் செய்துவிட்டு, பிள்ளையை காலை ஆறரைக்கு வேனில் ஏற்றிவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

கேஸ் இணைப்பை மாற்றுவது எப்படி?

பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெபாசிட்டையும் மாற்றல் வவுச்சரையும் வாங்குங்கள். அந்த வவுச்சரை இங்கே கொடுத்தால் புது டெபாசிட் கட்டி இணைப்பு கிடைக்கும். அடுப்பு உங்களுடையது, ரெகுலேட்டர் உங்களுடையது அல்ல. மூட்டை கட்டிவிடாதீர்கள்.

பெங்களூரிலிருந்து வருகிறேன். கே.ஏ. நம்பர் பைக்கை அப்படியே ஓட்டலாமா?

12 மாதம் வரை. அதற்குள் அங்கே என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே பதிவை மாற்றி, வரி கட்டிவிடுங்கள்.

மனைவி பருப்புப் பொடி, தொக்கு நன்றாகச் செய்வாள். வீட்டிலிருந்தே விற்க நினைக்கிறோம். லைசென்ஸ் வேண்டுமா?

இந்த அளவுக்கு முழு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யில் பதிவு கட்டாயம். ஆன்லைனில் செய்யலாம், கட்டணமும் பெரிதல்ல. பதிவானதும் கிடைக்கும் 14 இலக்க எண்ணை பாக்கெட்டில் அச்சிட வேண்டும். தயாரித்த தேதி, எடை, சேர்த்த பொருள்களும் இருக்க வேண்டும். வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு 19 கிலோ சிலிண்டர் தனி. வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மிளகாய் வறுக்கிற நெடி மாடிப்படி ஏறும் அன்றுதான் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் ஒப்பந்தம் ஞாபகம் வருகிறது.

விலையில் புளிக்கும் எண்ணெய்க்கும் மட்டும் கணக்குப் போட்டு, உங்கள் மனைவியின் கைவேலைக்கு ஒரு பைசாவும் சேர்க்கவில்லை என்பது நீங்கள் அனுப்பிய தாளிலேயே தெரிகிறது. அதை முதலில் திருத்துங்கள். பெரிய கிரைண்டர் வாங்குவதை ஒரு தீபாவளி தாண்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏதாவது நல்ல சைடு பிசினஸ் சொல்லுங்களேன்.

உங்களுக்கு என்ன தெரியும் என்று எழுதுங்களேன்.

ஐ.டி. வேலை. இரவில் வெளியாருக்கு வீடியோ எடிட்டிங் செய்து தருகிறேன். பிரச்சினை வருமா?

வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட கடிதத்தை எடுத்துப் படியுங்கள். வெளிவேலைக்குத் தடை இருந்தால் முதலில் நிறுவனத்தில் எழுத்தில் அனுமதி. இது தொழில் வருமானம், வருமான வரிக்கான ஐ.டி.ஆர்-1 படிவத்தில் காட்ட முடியாது. சம்பளத்தில் பிடித்ததோடு வரி முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. வரும், அந்த நாள் வந்தால் இந்தப் பகுதிக்கு எழுதாமல் ஆடிட்டரிடம் போங்கள்.

ஆபீஸ் முடிந்து இரண்டு மணி நேரம் சொந்த பைக்கில் பைக் டாக்ஸி ஓட்டலாமா?

உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியில் வாடகைக்கு ஓட்டுவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சொந்த உபயோகத்துக்கான பாலிசி அதற்குக் கைகொடுக்காது. விபத்து நடந்த பிறகு தெரிந்துகொள்கிற விஷயமல்ல இது.

மாமனார் ஓய்வுபெற்று எங்களோடு வருகிறார். ஊரில் காலையில் நூலகம், மாலையில் கோயில் கச்சேரி. இங்கே பொழுது போகாமல் தவிப்பாரோ?

இந்தக் கடிதம் படிக்க நன்றாக இருந்தது. வீட்டுப் பெரியவருக்காகக் கேட்ட ஒரே கடிதம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை முதலில் காட்டுங்கள். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி உண்டு, குழந்தைகளுக்கும் தனிப் பிரிவு உண்டு. பேரப்பிள்ளையையும் கூட்டிப் போவார். பழைய புத்தகப் பிரியர் என்றால் எழும்பூர் கன்னிமாரா நூலகம், 1896-இல் திறந்தது. மார்கழியில் பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. இளம் வித்வான்கள் பாடுவார்கள், கூட்டமும் இருக்காது, முன்வரிசையில் உட்காரலாம். வெளியே வந்தால் சபா கேன்டீன்.

பிள்ளைகளுக்கு ஒன்று: ஜனவரியிலிருந்து மார்ச் வரை நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை கடற்கரையில் ஆமை முட்டைகளைத் தேடிப் பாதுகாக்க மாணவர்கள் இரவு நடை போவார்கள், 1988-இலிருந்து நடக்கிறது. வார இறுதியில் பொதுமக்களும் சேரலாம். ஏழெட்டு கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும் என்பதால் மாமனாரை விட்டுவிடுங்கள்.

வாடகை வீட்டு மாடியில் தோட்டம் போடலாமா?

ஓனர் எழுத்தில் சம்மதித்தால். தொட்டியை நேராகத் தளத்தில் வைக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள். நீர் கசிந்து கீழ்வீட்டுக் கூரை ஊறினால் அந்தச் செலவு உங்கள் அட்வான்ஸில்தான் விழும். மண்ணைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவைக் கூட்டுங்கள், எடை குறையும்.

மாதம் ஒருமுறை மதுரை போய்வர வேண்டும். கோயம்பேடு பக்கம் வீடு பார்த்தால் வசதிதானே?

தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் வண்டலூர் பக்கத்துக் கிளாம்பாக்கத்துக்குப் போய் வருஷமாகிவிட்டது. 2023 டிசம்பரில் திறந்த நிலையம் அது. தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் பாருங்கள். முடிச்சூர் வரை போனால் மட்டும் முதல் பதிலில் சொன்ன இஸ்திரி வண்டிக்காரரைத் தேடிக்கொள்ளுங்கள்.