கூட்டத்துக்குக் கூட்டம் புது வசதி கேட்டால்?

கேள்வி: கோவையில் சிறு நிறுவனம் நடத்துகிறேன். புது நிறுவனங்களுக்கு மானியம் தரும் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஐடெக்ஸ் திட்டத்தில் ராணுவத்துக்குக் கண்காணிப்பு டிரோன் செய்கிறோம். ஒவ்வொரு ஆய்வுக் கூட்டத்திலும் புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறார்கள். மறுத்தால் ஆர்டர் கைநழுவுமோ என்று பயம். என்ன செய்யலாம்?

பதில்: கேட்பவர்கள் மீது கோபப்படாதீர்கள். இரவில் தெரிய வேண்டும், லடாக் உயரத்திலும் பறக்க வேண்டும் என்பதெல்லாம் நியாயமான தேவைகள்தான். தனித்தனியே பார்த்தால் எதையும் மறுக்க முடியாது. அதனால்தான் இது ஆபத்து. இருட்டிலும் காட்டும் வெப்பக் கேமரா சேர்த்தால் பேட்டரி பெரிதாகும், எடை கூடும், மோட்டார் மாறும், முடித்த சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டிவரும்.

அமெரிக்கக் கடற்படையே இதில் சிக்கியது. வேகமாகவும் மலிவாகவும் முடிக்க நினைத்து, ஐரோப்பாவில் ஏற்கெனவே ஓடும் ஃப்ரெம் ரகக் கப்பலை அடிப்படையாக வைத்து, கான்ஸ்டலேஷன் போர்க்கப்பலுக்கு 2020-இல் ஒப்பந்தம் போட்டது. மூலக் கப்பலோடு சுமார் 85% ஒத்திருக்கும் என்று திட்டம். தங்கள் விதிகளுக்கேற்ப ஒவ்வொன்றாக மாற்றியதில் அது 15% அளவுக்கு இறங்கியது. வடிவமைப்பு முடியாமலே 2022-இல் கட்டவும் தொடங்கிவிட்டார்கள். எடை 10 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 2026-இல் வரவேண்டிய முதல் கப்பல் 2029-க்குத் தள்ளிப்போனது. 2025 நவம்பரில், கட்டிக்கொண்டிருந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டார்கள். அவ்வளவு பெரிய கடற்படை தாங்கிய அடியை உங்கள் நிறுவனம் தாங்காது.

ஆகவே, கோரிக்கை வந்த வாரத்திலேயே ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: இதனால் எத்தனை கிராம் கூடும், பறக்கும் நேரம் எத்தனை நிமிடம் குறையும், எத்தனை மாதம் தள்ளும், எவ்வளவு செலவு. முடிவை அவர்களே எடுக்கட்டும். பெரும்பாலும் பாதிக் கோரிக்கைகள் அங்கேயே நின்றுவிடும். ஒப்புக்கொண்டால் கூட்டக் குறிப்பில் நோடல் அதிகாரியின், அதாவது ராணுவத் தரப்பில் உங்கள் திட்டத்தைக் கவனிப்பவரின், கையெழுத்து வாங்குங்கள். அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவரிடம் காட்ட அதுதான் இருக்கும். மானியம் கட்டம் கட்டமாகத்தான் வரும். கட்ட அட்டவணையைத் திருத்தாமல் வேலையை மட்டும் கூட்டினால், செலவு உங்கள் கைக்காசு.

நேரம் மிச்சம் பிடிக்கச் சோதனையில் கைவைக்காதீர்கள். குளிர், தூசி, உப்புக்காற்று எல்லாவற்றுக்கும் முழு நாட்களை ஒதுக்குங்கள்.

வெப்பக் கேமராவுக்கு இப்போதே ஒரு பொருத்துமிடமும் மின் இணைப்பும் மட்டும் விட்டுவையுங்கள். கேமரா இரண்டாம் பதிப்பில் வரட்டும். அதைக் கடிதத்தில் தேதியோடு எழுதிக் கொடுங்கள்.