லா பால்மாவில் வானம் பார்க்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஸ்பெயினைச் சேர்ந்த கேனரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவுக்கு நட்சத்திரம் பார்க்கப் போவது பற்றித் தில்லித் தமிழர்கள் கேட்டவை இவை. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவர் வசிக்கும் பகுதி. விசா, ஹோட்டல் வாடகை பற்றிக் கேட்டவர்கள் பயண முகவரிடம் போகலாம். எனக்குத் தெரிந்தது வானம் மட்டும்தான்.

கரோல் பாக்: ஊருலகத்தில் இருட்டான இடமே இல்லையா, சார்? அந்தத் தீவில் அப்படி என்ன விசேஷம்?

இருட்டு மட்டும் போதாது. காற்றும் தெளிவாக, அசையாமல் இருக்க வேண்டும். லா பால்மாவின் உச்சியான ரோக்கே தே லோஸ் முச்சாச்சோஸ் 2,426 மீட்டர் உயரம். வடகிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்று கடலின் ஈரத்தைக் கொண்டுவந்து மலைமீது மோதுகிறது. ஆனால் அந்த மேகத்தால் ஓர் அளவுக்கு மேல் ஏற முடியாது. மேலே வறண்ட, வெப்பமான காற்றடுக்கு மூடியாகக் கவிந்திருக்கிறது. ஆகவே மேகம் பெரும்பாலும் 1,000 முதல் 1,500 மீட்டர் உயரத்திலேயே தேங்கிவிடுகிறது. உச்சி அதற்கு மேலே நிற்கிறது. கீழே உள்ள ஊர்களின் விளக்கொளியையும் அதே மேகம் மறைத்துவிடும்.

இயற்கை செய்தது இவ்வளவு. மிச்சத்தை 1988-இல் ஸ்பெயின் கொண்டுவந்த வானச் சட்டம் செய்தது. தெருவிளக்கு வானத்தை நோக்கி ஒளி சிந்தக் கூடாது. விமானப் பாதைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. நம் காலனியில் நள்ளிரவிலும் எரியும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகளை நினைத்துக்கொள்ளுங்கள்; விசேஷம் என்னவென்று புரிந்துவிடும்.

ராமகிருஷ்ணபுரம்: அங்கே உலகிலேயே பெரிய தொலைநோக்கி இருக்கிறதாமே. அதன் வழியாகக் குழந்தைகள் பார்க்க முடியுமா?

முடியாது. 10.4 மீட்டர் ஆடியுள்ள கிரான் தெலஸ்கோப்பியோ கனாரியாஸில் யாருமே கண் வைத்துப் பார்ப்பதில்லை, அதில் வேலை செய்யும் வானியலாளர் உட்பட, கருவிகள்தான் பார்க்கின்றன. முன்பதிவு செய்தால் பகலில் வழிகாட்டியோடு வளாகத்தைச் சுற்றி வரலாம். இரவில் அது வேலை நடக்கும் இடம். கார் விளக்கைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மயூர் விஹார்: மே, ஜூனில்தான் பிள்ளைகளுக்கு விடுமுறை. அப்போது போகலாமா? டிக்கெட் பார்த்தபோது பால்மாவுக்கு மலிவாகக் கிடைத்தது.

போகலாம். ஜூனில் இரவு குறுகியதுதான், ஆனாலும் பால்வீதியின் மையப்பகுதி முன்னிரவிலேயே தென்கிழக்கில் ஏறத் தொடங்கிவிடும். டிக்கெட் எடுப்பதற்கு முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். அமாவாசையை ஒட்டிய வாரம் வேண்டும். பௌர்ணமி வாரத்தில் போனால் நிலவைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். கோடையில் சில நாள் சஹாராவின் தூசி மேலே வந்துவிடும். அதற்குக் கலிமா என்று பெயர். நம் ஊர்ப் புழுதிப் புயலான ஆந்தியின் சித்தப்பா பிள்ளை.

நீங்கள் பார்த்த மலிவு டிக்கெட் மத்தியதரைக் கடலில் உள்ள மயோர்காவின் பால்மாவுக்கு. அதன் விமான நிலையக் குறியீடு பி.எம்.ஐ. லாஸ் பால்மாஸ் என்பது கிரான் கனாரியா தீவில் உள்ள ஊர், அதன் குறியீடு எல்.பி.ஏ. உங்களுக்கு வேண்டியது லா பால்மாவின் எஸ்.பி.சி.

முனிர்க்கா: தீவு ஆப்பிரிக்கக் கரைக்கு அருகில் இருக்கிறது. அப்படியானால் தென்சிலுவை நன்றாகத் தெரியும், இல்லையா?

தெரியாது. தில்லி 28.6 பாகை வட அட்சம். லா பால்மா 28.7. இரண்டுக்கும் ஒரே வானம். தென்சிலுவையின் அடி நட்சத்திரம் இரண்டு இடத்திலும் தொடுவானத்துக்குக் கீழேயே நின்றுவிடும். தலை நட்சத்திரம் நான்கு பாகை மட்டும் எட்டிப் பார்க்கும். புனர்பூசத்தின் போலக்ஸ் தில்லியில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் வந்த 6 மணி 20 நிமிடம் கழித்து அங்கேயும் உச்சிக்கு வரும்.

துவாரகா: ஒரே வானம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பிறகு எதற்கு லட்சக்கணக்கில் செலவு?

மாடியில் நின்று எண்ணிப் பாருங்கள். நல்ல நாளிலேயே சில டஜன்தான் தேறும். இருண்ட வானத்தில் ஒரே பார்வைக்கு 2,000-க்கும் மேல் தெரியும். செலவு புதிய நட்சத்திரத்துக்கு அல்ல. இங்கே தலைக்கு மேலேயே இருந்தும் தெரியாமல் போனவற்றுக்கு.

முனிர்க்கா (மீண்டும்): வரைபடத்தில் பார்த்தேன். மொராக்கோவுக்கும் கீழே இருக்கிறது, சார். தில்லியும் அதுவும் எப்படி ஒன்றாகும்?

மொராக்கோவின் பெரும்பகுதி தில்லிக்கு வடக்கே இருக்கிறது, தம்பி. ஆப்பிரிக்கா என்றாலே தெற்கு என்று நினைக்கிறோம். விரலை அட்சக்கோட்டின் மேல் வைத்து நகர்த்துங்கள்.

நொய்டா: தென்வானம்தான் வேண்டுமென்றால் சொந்த ஊருக்கே போகலாமே! நான் கன்னியாகுமரிக்காரி. அகத்திய நட்சத்திரத்தை அங்கே சின்ன வயதில் நன்றாகப் பார்த்திருக்கிறேன். தில்லிக்கு வந்தபிறகு கண்ணில் படவே இல்லை.

அம்மா, இன்றைக்கு வந்தவற்றில் நல்ல கேள்வி இது. அகத்தியன் தில்லியிலும் லா பால்மாவிலும் 9 பாகைகூட ஏறாது. இங்கே அந்த உயரம் முழுக்கப் புகையும் எதிர்வீட்டு மாடியும்தான். கன்னியாகுமரியில் 29 பாகை ஏறும். தென்சிலுவையும் மே மாத முன்னிரவில் அங்கே முழுசாக நிற்கும். திருப்பத்தூர்ப் பக்கம் ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் இருக்கிறதே, அந்த அட்சத்திலும் தெரியும். தெற்கே பார்க்க ஆசைப்படுகிறவர் ஐரோப்பா போவது, காவிரியில் குளிக்க ஹரித்வார் போவது மாதிரி.

துவாரகா (மீண்டும்): அப்படியானால் லடாக்கின் ஹன்லே? பாதி செலவு, பாதி நாள்.

பாதிகூட ஆகாது. ஹன்லே ஆய்வகம் 4,500 மீட்டரில் இருக்கிறது. லா பால்மா உச்சியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு உயரம். 2022-இல் அந்தப் பகுதியை இருள் வான் காப்பகமாக அறிவித்தார்கள். இருட்டில் அது எதற்கும் குறைந்ததல்ல. ஆனால் அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு கடல் மட்டத்தில் இருப்பதில் 60 விழுக்காடுகூட இல்லை. பிராணவாயு குறைந்தால் முதலில் மங்குவது இரவுப் பார்வை. லேவில் சில நாள் தங்கி உடம்பைப் பழக்காமல் ஓடுகிறவர்கள் தலைவலியோடு கூடாரத்தில் படுத்துக் கிடப்பார்கள். உங்கள் வயதில் நான் ஹன்லேதான் போவேன். எழுபது வயது அப்பாவை அழைத்துப் போகிறவருக்கு லா பால்மா. அங்கே உச்சி வரை கார் போகும். உடம்புக்கு முடியாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும், கடற்கரைக்கே இறங்கிவிடலாம்.

நொய்டா (மீண்டும்): இருந்தாலும் கன்னியாகுமரியில் மேகமாச்சே...

ஆமாம். அதனால்தான் வானியலாளர்கள் அங்கே கூடாரம் போடவில்லை. இந்த வாதத்தை இத்தோடு விடுகிறேன், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

ரோகிணி: எந்தத் தொலைநோக்கி வாங்கிக்கொண்டு போகலாம்?

வாங்க வேண்டாம். 10x50 பைனாகுலர் போதும்.

ஜனக்புரி: பையனுக்குத் தொலைநோக்கி...

மேலே பாருங்கள்.

வசந்த் குஞ்ச்: படங்களில் வருவதுபோல் பால்வீதி ஊதாவும் ஆரஞ்சுமாகத் தெரியுமா?

தெரியாது. கேமரா பல நொடி ஒளியைச் சேர்த்துக்கொள்ளும். கண் அப்படிச் சேர்ப்பதில்லை. உங்களுக்குத் தெரிவது சாம்பல் வெளிச்சம், அதன் நடுவே கரிய பிளவுகள். அதுவும் கண் இருட்டுக்குப் பழகினால்தான்; 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தால் மீண்டும் முதலிலிருந்து. சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய டார்ச் மட்டும் எடுத்துப் போங்கள். நம் பால்வீதியைப் போன்ற இன்னொரு விண்மீன் கூட்டமான ஆண்ட்ரோமெடாவை இப்படிப் பாருங்கள்: நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், பார்வையைக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினால் நீள்வட்டப் புகையாகத் திரும்பி வரும். விழித்திரையின் நடுவில், மங்கலான ஒளியை உணரும் செல்கள் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன.

லாஜ்பத் நகர்: உச்சியிலேயே தங்கலாமா? பால்மா டிக்கெட்...

எஸ்.பி.சி., எஸ்.பி.சி. உச்சியில் ஹோட்டல் இல்லை. மேற்குப் பக்கம் எல் பாசோவிலோ, வடமேற்கில் புந்தகோர்தாவிலோ தங்குங்கள். வாணிபக் காற்று மோதும் கிழக்கைவிட அங்கே மேகம் குறைவு. எல் பாசோவுக்கு மேலே யானோ தெல் ஹப்லே என்ற வான்பார்வை மேடை இருக்கிறது. மலையுச்சி வரை போகத் தயங்குகிறவர்களுக்கு அது போதும்.

பட்பட்கஞ்ச்: மாமியார் சுத்த சைவம். சாப்பாடு?

உப்புநீரில் வேகவைத்துத் தோல் சுருங்கிய சின்ன உருளைக்கிழங்கு, கூடவே கொத்தமல்லியும் பூண்டும் அரைத்த பச்சை மோஹோ. நம் துவையல்தான். ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியில் போடுகிறவர், கூடவே ஒரு கம்பளிச் சால்வையும் போடட்டும். ஜூலையிலும் அந்த உச்சியில் இரவில் பல் கிட்டும்.