சதுரப் புள்ளியில் ஒற்றைக் கோடு வராது

கோலமும் கணக்கும்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவரின் பதில்கள்

கேள்வி: 5 புள்ளி, 5 வரிசை வைத்துச் சிக்குக் கோலம் போடுகிறேன். எங்கே ஆரம்பித்தாலும் கோடு சீக்கிரமே வந்து மூடிக்கொள்கிறது. மாமியார் போட்டால் ஒரே கோட்டில் முடிகிறது. எனக்குக் கை வரவில்லையா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: கையில் ஒரு குறையும் இல்லை அம்மா, விஷயம் புள்ளியில் இருக்கிறது. என் அத்தை மார்கழி விடியலில் சொல்வார்: "சதுரப் புள்ளியில ஒத்தக் கோடு வராதுடி, ஒரு வரிசை கூட்டிக்கோ." அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். நான் முப்பது வருஷம் கரும்பலகையில் மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ. – இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்) எழுதிப் போட்டவள். இரண்டும் ஒரே கணக்கு என்று எனக்குப் பிடிபட்டது ஓய்வு பெற்ற பிறகுதான்.

நான் சொல்வது பாய் முடைவதுபோல் போகிற சாதாரணச் சிக்கு. அடுத்தடுத்த இரண்டு புள்ளிக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடுகள் வெட்டிக்கொள்ளும், ஓரத்துக்கு வந்ததும் புள்ளியைச் சுற்றித் திரும்பும். அதில் மொத்தம் எத்தனை கோடு வரும்? புள்ளி எண்ணிக்கைக்கும் வரிசை எண்ணிக்கைக்கும் மீ.பொ.வ. எதுவோ, அத்தனை. 4க்கு 6 என்றால் 2 கோடு. உங்கள் 5க்கு 5 என்றால் 5 கோடு, யார் போட்டாலும் அப்படித்தான். 5க்கு 6 ஆக்குங்கள், ஒரே கோட்டில் முடிந்துவிடும். அடுத்தடுத்து வருகிற இரண்டு எண்களுக்கு 1ஐத் தவிரப் பொது வகுத்தி கிடையாதே! அத்தை சொன்ன 'ஒரு வரிசை கூட்டிக்கோ' எந்தச் சதுரத்துக்கும் பலிக்கும்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு தாளில் 3க்கு 4 போட்டுப் பாருங்கள். கோடு 17 இடத்தில் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு, ஒரு புள்ளியையும் விடாமல் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும்.

சரி, சதுரமாகவே வேண்டும், ஒரே கோடாகவும் வேண்டும் என்றால்? அநேகமாக உங்கள் மாமியார் செய்வது இதுதான். 3க்கு 3 எடுத்துக்கொள்வோம், மூன்று கோடு வரும். கீழ் வரிசையில் நடுப்புள்ளிக்கு இடப்பக்கம் ஒரு வெட்டு, வலப்பக்கம் ஒரு வெட்டு இருக்கும். அந்த இரண்டு இடத்தில் மட்டும் கோடுகளை வெட்டவிடாமல் அதனதன் பக்கமே வளைத்துத் திருப்பிவிடுங்கள். மூன்றும் ஒன்றாகிவிடும். ஆனால் முதலில் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்றுபோல் இருந்த கோலம், இப்போது இடமும் வலமும் மட்டும்தான் ஒத்திருக்கும். எனக்கு இந்த மாற்றம் மனசுக்கு ஒப்பவில்லை. நான் வரிசை கூட்டுகிற கட்சி.

கேள்வி: டிசைன் படிக்கிறேன். சமச்சீர் என்றாலே கண்ணாடிப் பிம்பம்தானே? பாட்டி போடும் சில கோலங்களில் அது இல்லை, ஆனாலும் ஒழுங்காகத் தெரிகிறதே?
– வாசகர், மதுரை

பதில்: தேர்த் திருவிழாவில் விற்கிற காகிதக் காற்றாடியை நினைத்துக்கொள்ளுங்கள் தம்பி. நடுவில் கண்ணாடி வைத்தால் ஒத்துவராது, இதழ்கள் எதிர்ப்பக்கமாக மடிந்து தெரியும். கால் சுற்று சுற்றினால் அப்படியே பொருந்தும். இதைச் சுழல் சமச்சீர் என்கிறோம். ஸ்வஸ்திகமும் இதே வகைதான். பாட்டி கோலம் போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு மூலையில் ஒரு வளைவு போட்டதும் நகர்ந்து அடுத்த மூலைக்குப் போய், அதே வளைவை அங்கேயும் போடுவார். கோலத்தைச் சுற்றுவதற்குப் பதில் அவர் சுற்றுகிறார்.

இன்னொன்றும் கவனியுங்கள். நேர்ப்புள்ளி (ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று) வைத்தால் கால் சுற்றுக் கோலம் சுலபமாக வரும். இடைப்புள்ளி (மேல் வரிசையில் இரண்டு புள்ளிக்கு நடுவே கீழே ஒன்று) வைத்தால் ஆறு இதழ் பூவும் ஆறு முனை நட்சத்திரமும் தானாக அமையும். ஐந்து இதழ் மட்டும் எந்தப் புள்ளி வரிசையிலும் சரியாக உட்காராது. சீரான இடைவெளியில் பரவும் புள்ளிகளை ஐந்தில் ஒரு பங்கு சுற்றித் தம்மேலேயே பொருத்த முடியாது என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். ஐந்து வேண்டுமென்றால் வரிசையை விட்டுவிட்டு, நடுவிலிருந்து கைகள் பிரித்துப் புள்ளி வைக்க வேண்டும்.

கேள்வி: படித்தவர்கள் யாராவது கோலத்தை ஆராய்ந்திருக்கிறார்களா?
– வாசகி, சேலம்

பதில்: உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலத்தைக் கணினி இலக்கணமாக (கணினி பின்பற்றக்கூடிய விதிகளாக) எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆப்பிரிக்காவில் அங்கோலாவின் சோக்வே மக்களும் மணலில் விரல்நுனியால் புள்ளி வைத்து, அவற்றைச் சுற்றிக் கோடு இழுப்பார்கள். அதற்குச் சோனா என்று பெயர். அங்கே போடுவது ஆண்கள், கோடு ஓட ஓடக் கதையும் சொல்வார்கள்.

கேள்வி: இருதய கமலம் போடும்போது வழி தவறிவிடுகிறது. எட்டுக் கைக்குப் பதில் பத்துக் கை வைத்தால் நிறைவாக இருக்குமா?
– வாசகி, பெங்களூரு

பதில்: பத்து வேண்டாம் அம்மா. நடுவிலிருந்து பிரியும் புள்ளி வரிசைதான் கை. எட்டுக் கை, கைக்கு ஐந்து புள்ளி, மொத்தம் 40. அத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை 1, 4, 2, 5, 3. அதாவது முதல் கையில் முதல் புள்ளி, அடுத்த கையில் நான்காவது, அதற்கடுத்த கையில் இரண்டாவது என்று கைக்குக் கை தாண்டிக்கொண்டே போக வேண்டும். ஐந்து கை ஆனதும் வரிசை மறுபடி 1இல் தொடங்கும். 8க்கும் 5க்கும் 1ஐத் தவிரப் பொது வகுத்தி இல்லாததால் 40 புள்ளியையும் தொட்ட பிறகுதான் கோடு கிளம்பிய இடத்துக்கு வரும். பத்துக் கை வைத்தால் பத்தாவது தாண்டலிலேயே மூடிக்கொள்ளும், மிச்சம் 40 புள்ளி அநாதையாக நிற்கும். ஏழு கையோ ஒன்பது கையோ என்றால் வரும், போட்டுப் பார்த்திருக்கிறேன். வழி தவறாமல் இருக்க அத்தை செய்ததையே செய்யுங்கள். ஒண்ணு, நாலு, ரெண்டு, அஞ்சு, மூணு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மாவை இழுங்கள். நடுவில் யாராவது பால் வந்துவிட்டதா என்று கேட்டால், வரிசையை முடித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.